திங்கட்கிழமைக்குள் வந்த செவ்வாய்: ரரோடோங்காவும் மவுக்கேயும்

இங்கே ஆக்லாந்தில், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி லின்ஃபீல்டில் இருக்கிற ஒரு பிள்ளை போன கிழமை வீட்டுக்கு வந்தாள். "அன்ரி, ஜூலை ஸ்கூல் ஹொலிடேக்கு குக் தீவுகள் போறம். நீங்கள் முந்திப் போனனீங்கள்தானே, என்ன பாக்கலாம்?" என்று கேட்டாள். ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிறதுக்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று தேத்தண்ணி முடிந்தும் நான் இன்னும் விமானத்தை விட்டு இறங்கவில்லை. அந்தப் பிள்ளை மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கியதும், "நீ போ மோளே, நான் எழுதிப்போடுறன்" என்றேன். அதுதான் இது.

நாங்கள் போனது 1986 மே மாதம். விலைகளை அன்றைய விலையாகவே தருகிறேன், சிரிக்காதீர்கள். மலையும் கடலும் தேவாலயமும் அப்படியேதான் இருக்கும் என்று நம்புகிறேன்.

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லவேண்டும். அதற்கு முந்திய வைகாசியில் சுன்னாகத்தில் என் அப்பா செத்துப்போனார். ரயில்வே கார்டாக இருந்தவர். பச்சைக்கொடி காட்டியே பழகிய கை, வீட்டிலும் சாப்பாட்டு நேரத்தைக் கை அசைத்துத்தான் சொல்லும். நான் ஒரே பிள்ளை. அம்மா எனக்குப் பத்து வயதிலேயே போய்விட்டா. தந்தி ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தபோது அங்கே எரித்தும் முடிந்துவிட்டது. கொள்ளி வைத்தது என் சித்தப்பாவின் மகன் சிவம். இனிப் போயும் என்ன, போனாலும் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இந்தச் சண்டைக்குள் எந்த வழியால் போவது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஆய்வுகூடத்துக்கு வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். ஒரு வருசமாக ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அழுதிருந்தால் சாம் அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

சாம் என் கணவர். ஈப்போக்காரர், மெதடிஸ்ட் குடும்பம். இவரைக் கட்டப்போகிறேன் என்று அப்பாவுக்கு எழுதியபோது ஒரு மாதம் பதில் இல்லை. பிறகு, 'பெடியன் நேரத்துக்கு வருவானோ?' என்று மட்டும் கேட்டு எழுதினார். ஹென்டர்சனில் ஒரு தளபாடப் பட்டறையில் சாம் வரைபடம் போடுகிற வேலை. பக்கத்து மேசையில் தெரே என்று ஒரு ரரோடோங்காக்காரன். அவனுடைய பெரியம்மா துவைனே, தீவில் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறா. போய் நின்றால் சந்தோசப்படுவா என்று அவன் சொல்ல, சாம் அன்றைக்கே லீவு போட்டுவிட்டு வந்தார். "வாம்மா, கொஞ்சம் காத்து மாறட்டும். இப்பிடியே இருந்தா நீயும் போயிருவ, நானும் போயிருவேன்" என்றார்.

நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். அப்பாவின் ஆட்டைத் திவசம், முதல் வருசத் திவசம், ஒரு செவ்வாய்க்கிழமை வருகிறது என்று சிவம் எழுதியிருந்தான். திங்கட்கிழமை நான் என் வீட்டில் நிற்கவேண்டும். ஊரில் சிவம் ஐயரை வைத்துச் செய்வான்தான். ஆனால் அப்பாவுக்காக நான் இதுவரைக்கும் ஒன்றுமே செய்யவில்லை. முகம் பார்க்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. ஒரு இலை சோறாவது என் கையால் படைக்காவிட்டால் நான் என்ன பிள்ளை? எள்ளு, உளுந்து, பயறு எல்லாம் ஃபிஜி இந்தியர் கடையில் வாங்கி, ஒரு புதுச் சட்டியும் வாங்கி, அலுமாரியில் தனியாக வைத்துப் பூட்டிவிட்டுத்தான் பெட்டி அடுக்கினேன். "ஆண்டு முடியமுதல் உல்லாசப் பயணமோ?" என்று எங்கள் ஆட்களில் ஒரு மனுசி கேட்டா. உல்லாசம் என்றால் எப்படி இருக்கும் என்று எனக்கே மறந்துபோயிருந்தது.

டிக்கெட் ஆளுக்கு அறுநூறு டொலருக்குக் கிட்ட. திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ரரோடோங்காவில் இருந்து திரும்புகிற விமானத்தைச் சாம் பிடித்துக் கொடுத்தார். நாலு மணித்தியாலப் பயணம். "திங்கக்கெழம சாயங்காலம் வீட்ல இருப்போம், போதுமா?" என்றார். போதும் என்றேன்.

அதற்கு ஒன்பது நாள் முந்தி, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆக்லாந்தில் ஏறினோம். தெரே தன் பெரியம்மாவுக்கு என்று மாட்டிறைச்சி டின் ஒரு பெட்டி நிறையத் தந்திருந்தான். அந்தத் தீவுகளில் அதைவிடப் பெரிய பரிசு இல்லையாம். ஆண்டு முடியும்வரை வீட்டில் மச்ச மாமிசமே இல்லை என்று விரதம் பிடித்துக்கொண்டிருந்த சைவக்காரி, மாட்டிறைச்சிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எங்கள் ஊரார் பார்த்திருந்தால் ஒரு மாதத்துக்குப் பேச்சுக்குப் பஞ்சம் இருந்திராது.

நாலு மணித்தியாலம் பறந்து இறங்கினால் அங்கே வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணி! நடுவில் தேதிக்கோடு இருக்கிறது. அதைத் தாண்டினால் முதல்நாளுக்குப் போய்விடுவோம். சாமுக்கு இது முன்னமே தெரியும். விமானத்தில் பக்கத்தில் இருந்தவருக்கு, பின்னால் இருந்தவருக்கு, சாப்பாடு கொண்டுவந்த பிள்ளைக்கு எல்லாம் சொன்னார். "பாத்தியா, ஒரு நாள் இனாம்லா!" என்று என் தோளில் தட்டினார். ஒரு நாளைச் சும்மா தந்தவன் திரும்பப் பறிக்கமாட்டானா என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. படித்தவர்கள் இரண்டு பேர்!

துவைனே விமான நிலையத்துக்கே வந்திருந்தா. அறுபது வயது இருக்கும், வாசல் நிறைந்த ஆள், பூப்போட்ட சட்டை. இரண்டு கையிலும் மல்லிகை மாதிரி மணக்கிற வெள்ளைப் பூ மாலைகள். எங்கள் பக்கத்தில் அதைக் கோயில் அரளி என்பார்கள். கழுத்தில் போட்டவுடன், ஊரில் மேடையில் மாலை வாங்கிய பெரிய மனுசர் செய்கிற மாதிரி நான் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன். அவவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அங்கே மாலையைக் கழற்றினால் போட்டவரை வேண்டாம் என்று சொன்ன மாதிரியாம். போகிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு போய்ச் சேரும்வரை கழுத்திலேயே கிடக்கட்டும்.

வீடு தீவின் தெற்குப் பக்கம், திதிகவேகா என்ற ஊரில். முற்றத்தில் இருந்து ஐம்பது அடி நடந்தால் கடல். முற்றத்தில் வேறொன்றும் இருந்தது. தகரக் கூரை போட்டு, வெள்ளை அடித்து, பூ வைத்த ஒரு கல்லறை. துவைனேயின் கணவர். வீட்டு வாசலுக்கு நேரே! சுடலைப் பக்கம் பெண்கள் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று வளர்ந்தவள் நான். பெட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். துவைனே பாட்டுக்குக் கல்லறையின் மேல் ஒரு கையை வைத்து ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனா. என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று சொன்னேன், வேறென்ன?" என்றா. அந்தத் தீவில் பாதி வீடுகளில் இப்படித்தான். இரண்டு நாளில் எனக்கும் பழகிவிட்டது.

இனி ஊர் பார்க்கிற கதைக்கு வருகிறேன். எங்களுக்குள் ஒரு பங்கீடு இருந்தது. தேவாலயம் எல்லாம் சாமுக்கு, கடல் எனக்கு, மலை இரண்டு பேருக்கும் தண்டனை.

ரரோடோங்காவைச் சுற்றிவர முப்பத்திரண்டு கிலோமீட்டர்தான். சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்று நாளுக்குப் பன்னிரண்டு டொலருக்கு எடுத்தோம். அதற்கு அந்த ஊர் லைசென்ஸ் வேண்டும், பொலிஸ் நிலையத்தில் போய் எடுக்கவேண்டும். பொலிஸ்காரர் சாமை ஒருதரம் தெருவில் ஓட்டிக்காட்டச் சொன்னார். சாம் ஓட்டிக்கொண்டு போய் ஒரு கோழியை இடிக்கப் பார்த்து, தப்பி, திரும்பி வந்தார். "கோழிக்கு ஒன்றும் இல்லை, பாஸ்" என்று சொல்லிப் பொலிஸ்காரர் கையெழுத்துப் போட்டார். கோழிகள் அங்கே யாருக்கும் சொந்தமில்லாமல் றோட்டெல்லாம் திரியும், கவனம்.

தீவைக் குறுக்கே கடக்கிற மலைப்பாதையைத் தவறவிடாதீர்கள். வடக்கே அவத்தியு பள்ளத்தாக்கில் தொடங்கி, நடுவில் ஊசி என்று சொல்கிற கருங்கல் முனைக்குக் கீழே போய், தெற்கே அருவிப் பக்கம் இறங்கவேண்டும். நல்ல கால் என்றால் மூன்றரை மணித்தியாலம். எங்களுக்கு ஐந்து. மரவேர்களைப் படி மாதிரிப் பிடித்து ஏறவேண்டும். மழை பெய்திருந்தால் ஏறவே வேண்டாம். பாதி வழியில் நான் வேரில் குந்திவிட்டேன். "இஞ்சருங்கோ, என்னை இதிலேயே விட்டிட்டுப் போங்கோ. துவைனே வந்து வெள்ளை அடிப்பா" என்றேன். சாம் சிரித்துவிட்டு என் பையையும் சேர்த்துச் சுமந்தார். உச்சியில் நின்றபோது தீவைச் சுற்றிப் பச்சைக் கடல், அதைச் சுற்றி வெள்ளை அலைக்கோடு, அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. எந்தத் திசையில் சுன்னாகம் என்று தேடினேன். மேற்கே என்றார் சாம். நெடுநேரம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நடுவில் மூன்று இரவு மவுக்கே தீவுக்குப் போனோம். எல்லோரும் அயித்துத்தாக்கித் தீவுக்குப் போவார்கள். அது அழகுதான், ஆனால் கூட்டம். மவுக்கே சின்னத் தீவு, ஒரு சைக்கிளில் அரை நாளில் சுற்றிவிடலாம். ரரோடோங்காவில் இருந்து சிறிய விமானத்தில் ஐம்பது நிமிடம். ஏறமுதல் பெட்டியோடு சேர்த்து எங்களையும் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். என் எடையைச் சத்தமாக வாசித்த பெடியனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கரை முழுக்கக் கூரான பவளப்பாறை. செருப்பில்லாமல் காலை வைக்கக்கூடாது. பாறைக்கு நடுவில் ஒரு அறை அளவுக்குச் சின்னச் சின்ன மணல் துண்டுகள். ஒவ்வொன்றிலும் நாங்கள் இரண்டு பேர் மட்டும். உள்ளே குகை ஒன்றில் நன்னீர்க் குளம் இருக்கிறது. அதில் கழுத்தளவு இறங்கி நின்றபோது ஒரு வருசச் சூடு இறங்கியது மாதிரி இருந்தது.

மவுக்கேயில் பார்க்கவேண்டியது தேவாலயம். சாம் சொன்னபடியே சொல்கிறேன்: இந்தக் கட்டடத்துக்காகவே இன்னொருதரம் போகலாம். இரண்டு ஊரார் சேர்ந்து கட்டினார்களாம். வெளிச்சுவர் எழும்பும்வரை ஒற்றுமை. உள்ளே என்ன நிறம் அடிப்பது என்று சண்டை வந்துவிட்டது. நடுவில் கோடு போட்டு, பாதி அவர்கள் விருப்பப்படி, பாதி இவர்கள் விருப்பப்படி. இரண்டு பக்கமும் வேறு வேறு நிறம், வேறு வேறு வாசல். பிரசங்க மேடை மட்டும் நடுக்கோட்டில். போதகர் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்துத்தான் பேசவேண்டும் என்று திறந்துகாட்டிய மனுசர் சொன்னார். எங்கள் ஊர்க் கோயில் வழக்குகளை நினைத்துப் பார்த்தேன். இவர்கள் கோர்ட்டுக்குப் போகாமல் பெயின்ட் வாளியோடு முடித்துக்கொண்டார்கள். சாம் ஒரு பக்க மர வாங்கிலும் நான் மற்றப் பக்க வாங்கிலும் இருந்து பார்த்தோம். "நம்ம வீடு மாதிரியே இருக்குல்ல?" என்றார். எனக்குப் பல மாதங்களுக்குப் பிறகு சத்தமாகச் சிரிப்பு வந்தது. கோயிலுக்குள் சிரித்ததற்கு அந்த மனுசர் கோபிக்கவில்லை.

திரும்பி ரரோடோங்காவுக்கு வந்தோம். விமானம் ஏறுகிறதுக்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை வந்தது. அங்கே ஞாயிறு என்றால் ஞாயிறுதான். கடை இல்லை, கந்தோர் இல்லை. காலையில் துவைனேயோடு ஊர்த் தேவாலயத்துக்குப் போனோம். பவளச் சுண்ணாம்பில் கட்டிய தடித்த வெள்ளைச் சுவர், பெண்கள் எல்லோர் தலையிலும் பின்னிய வெள்ளைத் தொப்பி. அவர்கள் பாடத் தொடங்கினால் வாங்கு அதிரும். சாம் சொல் தெரியாமலே சேர்ந்து பாடினார். போகிறவர்கள் எந்தச் சமயமாக இருந்தாலும் ஒரு ஞாயிறு அங்கே போய் உட்காருங்கள். தோள் மூடிய உடுப்புப் போடுங்கள்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஆக்லாந்தில் இருந்து தெரே. பெரியம்மாவோடு கதைத்துவிட்டு எங்களையும் கேட்டான். சாம் எடுத்தார்.

"உங்களைக் கூப்பிட நானே ஏர்போர்ட்டுக்கு வருகிறேன். செவ்வாய் நாலு மணிக்குத்தானே?"

"இல்லப்பா, திங்கக்கெழம. நாங்க நாளைக்குத்தான் ஏறுறோம்."

"ஓம், அங்கே நாளைக்குத் திங்கள். இங்கே இன்றைக்கே திங்கள். நான் வேலையில் நின்றுதான் பேசுகிறேன்."

சாமின் முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது. இனாமாக வந்த நாளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். திங்கள் இரண்டு மணிக்கு ஏறி, நாலு மணித்தியாலம் பறந்தால், ஆக்லாந்தில் செவ்வாய் பின்னேரம் நாலு மணி. சுங்கம் எல்லாம் முடிந்து லின்ஃபீல்ட் போய்ச் சேர இருட்டிவிடும். மே மாதத்தில் ஐந்தரைக்கே பொழுது பட்டுவிடுமே. செவ்வாய் மத்தியானம், நான் அப்பாவுக்கு இலை போடவேண்டிய மத்தியானம், எங்கள் இரண்டு பேருக்கும் இல்லவே இல்லை. முந்திய விமானம் கிடையாது, அடுத்தது வியாழன்.

நான் கத்தினேன். விருந்துக்கு வந்த வீடு என்றும் பார்க்கவில்லை. "ஒரு நாள் இனாம் எண்டு ஊரெல்லாம் தமுக்கடிச்சியள்! அது என்ரை அப்பான்ரை நாள்! வேறை நாளே கிடைக்கேல்லையோ உங்களுக்கு?" சாம் மெதுவாக, "தப்புதாம்மா. எனக்குத் தோணவே இல்ல" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. ஒரு ரயிலைக்கூட ஒரு நிமிடம் பிந்தவிடாத மனுசன் என் அப்பா. அவருடைய நாளையே தவறவிட்டுவிட்டேன். சாவுக்கும் போகவில்லை, இதற்கும் இல்லை. எழும்பிப் போய் முற்றத்தில் இருந்துவிட்டேன். கல்லறைத் திண்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

சாம் துவைனேக்கு விசயத்தைச் சொல்லியிருக்கவேண்டும். அவ வந்து பக்கத்தில் இருந்தா. அவவின் ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன்.

"சாப்பாடு கொடுக்கவேண்டும், அவ்வளவுதானே? இங்கே கொடு."

"நாள் பிழை. நாளைக்குத் திங்கள். அப்பாவுக்குச் செவ்வாய்."

"தெரே இப்போது திங்களில் நிற்கிறானே."

நான் நிமிர்ந்து பார்த்தேன். தெரே திங்களில் நிற்கிறான் என்றால், நாளைக் காலை அவன் செவ்வாயில் நிற்பான். மணலில் விரலால் கணக்குப் போட்டேன். இங்கே திங்கள் காலை பத்து மணி என்றால் ஆக்லாந்தில் செவ்வாய் காலை எட்டு. என் வீட்டில் பொழுது விடிந்திருக்கும். நான் போகாவிட்டாலும் அந்தச் செவ்வாய் இந்தத் திங்களுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஐயர்மாருக்கு இந்தக் கணக்குச் சரிவராமல் இருக்கலாம். விருப்பமானவர்கள் வந்து என்னோடு சண்டை பிடிக்கட்டும்.

ஆனால் இன்னொரு பயம் இருந்தது. வாய்விட்டுச் சொன்னேன்: "அப்பாவுக்கு இந்த இடம் தெரியாதே. சுன்னாகத்தைத் தெரியும். லின்ஃபீல்ட் விலாசம் தெரியும், கடிதம் போட்டவர். இங்கே எப்படி வருவார்?"

துவைனே கல்லறையைக் காட்டினா. "என் ஆள் எந்த நேரமும் வாசலில்தான் இருக்கிறார். உன் அப்பா றோட்டில் நின்று முழித்தால் இவர் பார்க்காமல் இருப்பாரா? கூப்பிட்டு உள்ளே கொண்டுவருவார். அவருக்கும் பேச ஒரு ஆள் வேண்டும்."

அப்போதுதான் நான் அழுதேன். ஒரு வருசத்து அழுகை. துவைனே என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, கடலைப் பார்த்தபடி ஏதோ பாட்டுப் பாடினா. சாம் வந்து காலடியில் இருந்தார். நான் அவரைத் திட்டியதை யாரும் பிறகு எடுக்கவில்லை.

திங்கள் விடியத் தொடங்கியதுமே நான் தலைக்கு முழுகிவிட்டு அடுப்படிக்குப் போனேன். எள்ளும் உளுந்தும் லின்ஃபீல்ட் அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தன. கடை திறக்கும்வரை காத்திருக்க முடியாது; வீட்டில் இருந்ததுதான். அரிசி இருந்தது. பூசணிக்காய், வாழைக்காய், சேமன் கிழங்கின் இலை. துவைனே ஒரு தடியோடு பின்வளவுக்குப் போய் ஈரப்பலாக்காய் இரண்டு விழுத்திக்கொண்டு வந்தா. அப்பாவுக்கு உயிர் அது! பால்விட்டு வெள்ளையாக வைத்தால் இரண்டாம் தரம் கேட்டு வாங்குவார், வேறு எதற்கும் கேட்கமாட்டார். கறித்தூள் என் பையில் இருந்தது. தூள்போத்தல் இல்லாமல் யாழ்ப்பாணத்தார் பக்கத்து வீட்டுக்கும் போகமாட்டோம். மச்சம் சமைக்காத சட்டி வேண்டும் என்றேன். துவைனே கொஞ்சம் யோசித்துவிட்டு, வந்துபோகிற சின்னப்பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சுகிற சட்டியைத் தேடி எடுத்துச் சாம்பல் போட்டு மினுக்கித் தந்தா.

சாம் தேங்காய் துருவினார். அவர்களுடைய துருவலைப் பலகையும் எங்களுடையது மாதிரியேதான், அதில் குந்தியிருந்து துருவுகிறது. ஈப்போவில் தேங்காய்ப்பூ கடையில் வாங்குகிற ஆள், ஒரு தேங்காயோடு விரல் நுனியையும் கொஞ்சம் துருவிவிட்டார். துணி சுற்றிக்கொண்டு அடுத்ததை எடுத்தார். திவசத்தில் நம்பிக்கை இல்லாத மனுசன். "மாமாவுக்கு நேரத்துக்குக் குடுத்துரணும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பத்து மணிக்கு விறாந்தையில் வாழையிலை போட்டேன். கைப்பையில் இருந்த அப்பாவின் சின்னப் படத்தைச் சுவரில் சாத்தி வைத்தேன். சோறு, ஈரப்பலாக்காய், மற்றக் கறிகள், ஒரு கோப்பை வெறுந்தேத்தண்ணி. மந்திரம் ஒன்றும் தெரியாது. "அப்பா, வாங்கோ. சாப்பிடுங்கோ. இது பிழையான ஊர்தான், ஆனால் கறி சரியான கறி" என்றேன். துவைனே இன்னொரு இலையில் அதே சாப்பாட்டைப் போட்டுத் தன் ஆளுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தா. வந்தவரைத் தனியே சாப்பிடவிடுவது மரியாதையில்லையாம்.

காகத்துக்கு வைக்கவேண்டும். அந்தத் தீவில் காகம் கிடையாது. மதிலில் ஒரு பிடி சோற்றை வைத்துவிட்டு, "கா, கா" என்று கூப்பிட்டேன். கோழிகள்தான் ஓடிவந்தன. சாம் கையை ஆட்டித் துரத்தினார். கடைசியில் ஒரு மைனா வந்து குந்தி, இரண்டு பக்கமும் பார்த்து, சோற்றை விட்டுவிட்டு ஈரப்பலாக்காய்த் துண்டைத் தூக்கிக்கொண்டு பறந்தது. சாமும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு எல்லோரும் இருந்து சாப்பிட்டோம், பன்னிரண்டு மணிக்கு விமான நிலையத்துக்கு வெளிக்கிட்டோம்.

இனிப் போகிறவர்களுக்குச் சில விசயங்கள். மவுக்கேக்கு விமானம் கிழமைக்குக் கொஞ்சம்தான். ஆக்லாந்து டிக்கெட் எடுக்கமுதல் அதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். மேயில் இருந்து ஒக்டோபர் வரை வெயில் குறைவு, நுளம்புக் கடியும் குறைவு. பாறையில் நடக்கப் பழைய சப்பாத்து ஒன்று கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியதைச் சனியே வாங்கி வையுங்கள். திரும்பும்போது பழம், பூ, விதை ஒன்றும் பெட்டிக்குள் வைக்காதீர்கள், ஆக்லாந்தில் பிடிப்பார்கள். அந்த ஊர் வீடுகளில் கல்லறையைக் கண்டால் படம் எடுக்க ஓடாமல், ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். மிக முக்கியம்: திரும்புகிறபோது ஒரு நாள் போய்விடும். இப்போது கைபேசி தானே நாளை மாற்றிக்கொள்ளும், ஆனால் திவசத்தை அது மாற்றாது. திவசம், கலியாணம், பிள்ளையின் பரீட்சை எது இருந்தாலும், ஆக்லாந்துக் கிழமையை வைத்து எண்ணி டிக்கெட் எடுங்கள்.

நாங்கள் வந்து ஒரு மாதம் கழிந்திருக்கும். கொழும்பில் இருந்து ஒரு ட்ரங்க் கோல். சிவம். எப்படியோ கொழும்புக்கு வந்து சேர்ந்திருந்தான். சுகம் கேட்கமுதலே அழத் தொடங்கினான்.

"அக்கா, என்னை மன்னியுங்கோ. அண்டைக்கு விடியவே ஷெல் அடி. ஐயரும் வரேல்லை. நாங்கள் முழு நாளும் பங்கருக்குள்ளை. அடுப்புக்கூட மூட்டேல்லை, அக்கா. பெரியப்பாக்கு ஒரு பிடி சோறு வைக்கேலாமல் போச்சு."

லைன் இரைந்தது. சாம் பக்கத்தில் வந்து நின்றார்.

"அழாதை, சிவம்," என்றேன். "அப்பா சாப்பிட்டிட்டார். நேரத்துக்குச் சாப்பிட்டவர்."